தாத்தாவின் பெயர் எந்தக் கல்லில்?

புது தில்லி: பெங்களூரு என்ற ஊர்ப் பெயர் காணப்படும் மிகப் பழைய எழுத்துச் சான்று, போரில் உயிர்நீத்த ஒருவரின் நினைவைச் சொல்லும் கல்வெட்டாகும். ஓசூர் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், பேகூர் நாகேசுவரர் கோயில் வளாகத்தில் அது உள்ளது. ஏறத்தாழ கி.பி. 890-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாகத்தரன் என்ற தலைவனைச் சார்ந்த ஒருவன் பெங்களூருப் போரில் மடிந்த செய்தியைப் பழைய கன்னடத்தில் கூறுகிறது. மடிந்தவன் மன்னன் இல்லை. ஆயினும், 1,100 ஆண்டுகளுக்குப் பிறகும் அவன் நினைவு அழியவில்லை.

தமிழர்களுக்கும் இந்த மரபு புதிதன்று. நடுகல் எடுக்கும் முறையை ஆறு படிகளாகத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களின் வயல்வெளிகளில் இன்றும் வீரர்களின் நடுகற்கள் நிற்கின்றன.

இந்த மாவட்டங்களிலிருந்தும் வேலூர் பகுதியிலிருந்தும் வேலை தேடி வந்த பல தமிழ்க் குடும்பங்கள் பெங்களூருவின் தென்கிழக்குப் பகுதியில் வாழ்கின்றன. சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டியதும் தொடங்கும் பொம்மனஹள்ளி, ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் நெருக்கமான குடியிருப்புகளும் கொண்ட பகுதி. தனி நகராட்சியாக இருந்த இந்த ஊர், 2007-இல் பெங்களூரு மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. 2008-இல் தனிச் சட்டப்பேரவைத் தொகுதியானது.

இத்தகைய குடும்பங்களில், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய தாத்தாவின் புகைப்படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருப்போரும் உண்டு. படத்துக்கு மாலை உண்டு. ஆடி அமாவாசைக்குப் படையல் உண்டு. ஆனால், அவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எந்தப் போர்முனையில் நின்றார் என்று கேட்டால், "பர்மாவுக்குப் போனார்" என்பதற்கு மேல் விடை கிடைப்பது அரிது.

குடும்பத்துக்குத் தெரியாதது அரசுக்காவது தெரியுமா என்பதே இப்போது எழும் கேள்வி.

இரு நினைவுச் சின்னங்களுக்கு நடுவே...

தலைநகர் தில்லியில் போர் நினைவுச் சின்னங்கள் என்றதும் நினைவுக்கு வருபவை இரண்டு. முதலாவது, 1931-இல் திறக்கப்பட்ட இந்தியா கேட். முதல் உலகப் போரிலும் 1919-ஆம் ஆண்டின் ஆப்கன் போரிலும் உயிரிழந்தோருக்காகக் கட்டப்பட்டது. 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.

இரண்டாவது, அதன் அருகிலேயே 2019 பிப்ரவரி 25-ஆம் தேதி திறந்துவைக்கப்பட்ட தேசிய போர் நினைவுச் சின்னம். சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டைக் காக்கும் பணியில் உயிர்துறந்த 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள சுவர்களில் இடம்பெற்றுள்ளன. இந்தியா கேட்டில் 1972 முதல் எரிந்து வந்த அமர் ஜவான் ஜோதியும் 2022 ஜனவரியில் இங்குள்ள ஜோதியுடன் இணைக்கப்பட்டது.

முதல் சின்னம் 1919-உடன் நின்றுவிடுகிறது. இரண்டாவது 1947-இல் தொடங்குகிறது. இடையில் நடந்த இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் சேர்ந்தோர் சுமார் 25 லட்சம் பேர். உயிரிழந்தோர் ஏறத்தாழ 87 ஆயிரம் பேர். அவர்களது பெயர்களுக்கு இவ்விரு இடங்களிலும் இடமில்லை.

தில்லி கன்டோன்மென்ட் பகுதியில் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் பராமரிக்கும் கல்லறைத் தோட்டத்தில் மற்றொரு நினைவிடம் உள்ளது. போர்முனைக்கு வெளியே, துணைக் கண்டத்தின் பல பகுதிகளில் இறந்த 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கு நினைவுகூரப்படுகின்றனர். அவர்களுடைய பெயர்கள் சுவரில் இல்லை, பதிவேட்டில் உள்ளன. நாடாளுமன்றத்துக்கு நாள்தோறும் வந்து செல்வோரிலும் பலர் அந்த இடத்தை அறியமாட்டார்கள்.

அல்சூர் ஏரிக்கரையிலிருந்து...

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகளாக மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது, இரு மாநிலங்களும் அதை உற்றுநோக்கின. அதே ஏரியை ஒட்டித்தான் மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் ராணுவப் பொறியாளர் படையின் மையம் அமைந்துள்ளது. 1780-இல் தொடங்கப்பட்ட இப்படை, 1834-இல் பெங்களூருவுக்கு இடம் மாறியது. இப்படையினரை ராணுவத்தில் இன்றும் "தம்பிகள்" என்றே அழைக்கின்றனர். பெங்களூரு கன்டோன்மென்ட் பகுதியில் தமிழ் வேரூன்றியதில் இப்படைக்கும் பங்கு உண்டு.

இரண்டாம் உலகப் போரில் எரித்ரியா, வட ஆப்பிரிக்கா, இத்தாலி, மலேயா, பர்மா எனப் பல போர்முனைகளுக்குத் தம்பிகள் அனுப்பப்பட்டனர். கண்ணிவெடி அகற்றுவது, பாலம் கட்டுவது, சாலை அமைப்பது ஆகியவை அவர்களது பணி. படை முன்னேறும்போது அதற்கு முன்னால் செல்ல வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

1944 பிப்ரவரி 24-ஆம் தேதி இத்தாலியின் மின்யானோ அருகே கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தார் சுபேதார் சுப்ரமணியன். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவர். வெடிக்க இருந்த கண்ணிவெடியின் மீது தாமே விழுந்து, உடனிருந்தோரைக் காப்பாற்றி உயிர்நீத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. போர்க்களத்தில் எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு விக்டோரியா கிராஸ் எப்படியோ, அப்படித் தன்னுயிரைப் பணயம் வைத்துப் பிறரைக் காத்ததற்கு ஜார்ஜ் கிராஸ்.

அதே ஆண்டு டிசம்பரில் பர்மாவின் கலேவாவில், சிந்த்வின் ஆற்றின் குறுக்கே 14-ஆவது ராணுவத்தின் பொறியாளர்கள் 1,154 அடி நீளப் பாலத்தை அமைத்தனர். பெய்லி வகைப் பாலங்களில் அன்றைக்கு உலகிலேயே மிக நீளமானது அது. "பர்மாவுக்குப் போனார்" என்று வீட்டில் ஒற்றை வரியில் முடிந்துவிடும் கதைக்குப் பின்னால், இத்தகைய ஆறுகளும் மலைகளும் மலேரியாக் காய்ச்சலும் இருந்தன.

மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் கதை வேறு. "போர்க்குடிகள்" என்று சில பிரிவினரை மட்டும் உயர்த்திப் பிடித்த ஆங்கிலேயரின் கொள்கையால், முதல் உலகப் போருக்குப் பின் தென்னிந்தியக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. அடுத்த போர் வந்து ஆள்பலம் தேவைப்பட்டபோது, 1941-இல் அந்த ரெஜிமென்ட் மீண்டும் உருவாக்கப்பட்டது. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர் உள்ளிட்ட பல பிரிவினர் படைகளில் சேர்ந்தனர். நிலமற்ற குடும்பத்துக்கு மாதந்தோறும் வந்த பணவிடைதான் பலரைப் படைக்கு அனுப்பியது. வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டையைச் சுற்றுவட்டார மக்கள் "ராணுவப்பேட்டை" என்று அழைக்கும் அளவுக்கு அம்மாவட்டத்தில் இத்தொடர்பு நீடிக்கிறது.

எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை

முதல் உலகப் போருக்குப் பிறகு சென்னை மாகாணத்தின் பல கிராமங்களில் சிறிய கல்வெட்டுகள் பதிக்கப்பட்டன. இந்தக் கிராமத்திலிருந்து போருக்குச் சென்றவர்கள் இத்தனை பேர், உயிரிழந்தவர்கள் இத்தனை பேர் என்பதே பெரும்பாலானவற்றில் காணப்படும் வாசகத்தின் சாரம். சென்றவர் யார், திரும்பாதவர் யார் என்பதை அவை கூறுவதில்லை.

இக்குறை இங்கு மட்டும் நிகழ்ந்ததன்று. முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் குறைந்தது 1.16 லட்சம் பேர், அதிகபட்சமாக 3.5 லட்சம் பேர் வரை பெயர் குறிப்பிடப்படாமலோ, நினைவுகூரப்படாமலோ விடப்பட்டிருக்கலாம் என்று காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் சிறப்புக் குழு 2021 ஏப்ரலில் அறிக்கை அளித்தது. இதற்காக அன்றைய பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சர் பென் வாலஸ், அந்நாட்டு நாடாளுமன்ற மக்களவையில் மன்னிப்புக் கோரினார்.

இரண்டாம் உலகப் போரில் இறந்தோர் விஷயத்தில் நிலைமை சற்று மேம்பட்டது. மியான்மரின் தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் சுமார் 27 ஆயிரம் பெயர்களும், சிங்கப்பூரின் கிராஞ்சியில் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் இந்தியர் பெயர்கள் ஏராளம். ஆணையத்தின் பதிவுகளில் பல இந்திய வீரர்களின் தந்தை பெயர், மனைவி பெயர், கிராமம், மாவட்டம் ஆகியவையும் உள்ளன.

அவற்றை இணையத்தில் எவரும் தேடலாம். ஆனால், ஆங்கில எழுத்துக்கூட்டலே முதல் தடை. முனுசாமி என்ற ஒரே பெயர் நான்கைந்து விதமாக எழுதப்பட்டிருக்கும். ஊர்ப் பெயரை எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருப்பார். வட ஆர்க்காடு, சேலம் என்ற பழைய மாவட்டப் பெயர்களில் தேட வேண்டும் என்பதைப் பொம்மனஹள்ளியில் பிறந்து கன்னட வழியில் படித்த கொள்ளுப்பேரனுக்கு யார் சொல்வது?

திரும்பி வந்தவர்கள்

இறந்தவர்களுக்காவது வெளிநாட்டுக் கல் ஒன்று உண்டு. உயிரோடு திரும்பிய பல லட்சம் பேருக்குப் பொதுவெளியில் அதுவும் இல்லை.

போர் முடிந்ததும் படை பெருமளவில் குறைக்கப்பட்டது. சிப்பாய்கள் ஓய்வூதியம் பெற 15 ஆண்டு பணி தேவை. 1941-இல் சேர்ந்து 1946-இல் விடுவிக்கப்பட்டவருக்கு ஐந்தாண்டுப் பணிதான் இருந்தது. சிறு தொகையும் விடுவிப்புச் சான்றிதழும் பதக்கங்களும் கொண்டு ஊர் திரும்பினர். போர் எத்தனை ஆண்டு நடக்கும் என்பதைத் தீர்மானித்தவர்கள் அவர்கள் அல்லர். ஆனால், போர் விரைவில் முடிந்ததன் விளைவை அவர்களே சுமந்தனர்.

எனவேதான், "ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்" கோரிக்கை வென்றபோதும் இவர்களுக்கு அதனால் பயன் கிட்டவில்லை. மாநிலங்களவை மனுக்கள் குழு 2011 டிசம்பரில் அக்கோரிக்கையை ஆதரித்து அறிக்கை அளித்தது. 2015 நவம்பரில் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. ஆனால், ஓய்வூதியமே இல்லாதவருக்கு ஒரே ஓய்வூதியம் எப்படிப் பொருந்தும்?

மற்றொரு முரணும் உண்டு. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்ட இந்திய வீரர்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். மலேயாத் தோட்டத் தொழிலாளர்களான தமிழர்களும் திரண்டனர். கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணி படையில் தமிழ்ப் பெண்கள் ஏராளமானோர் இருந்தனர். 1972-இல் சுதந்திரத்தின் வெள்ளி விழாவையொட்டித் தொடங்கப்பட்டு, 1980-இல் விரிவாக்கப்பட்ட தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் நேதாஜியின் படையினரையும் அரவணைத்துக்கொண்டது.

அது நியாயமானது, காலம் தாழ்ந்தும் வந்தது. அந்தப் பக்கத்தின் வாழ்வைச் சொல்லத் தமிழில் ப. சிங்காரத்தின் நாவல்களும் உள்ளன. ஆனால், அதே பர்மாக் காட்டில் எதிர்ப்பக்கம் நிறுத்தப்பட்ட சிப்பாயை எந்த வரிசையில் வைப்பது என்று சுதந்திர இந்தியாவுக்குத் தெரியவில்லை. அவர் தியாகியும் அல்லர். ஓய்வூதியம் பெறும் முன்னாள் ராணுவத்தினரும் அல்லர். வெள்ளையனின் படையில் இருந்தவர் என்ற சொல் ஒருபுறம், நாட்டுக்காகப் போரிட்டவர் என்ற குடும்பத்தின் பெருமை மறுபுறம். தாத்தாக்கள் பலர் போரைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும்.

இரட்டிப்பான உதவித்தொகை

இந்தப் பின்னணியில்தான் 2025 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பைப் பார்க்க வேண்டும். ஓய்வூதியமும் வேறு வருமானமும் இல்லாத, 65 வயதைக் கடந்த முன்னாள் ராணுவத்தினருக்கும் அவர்களின் விதவைகளுக்கும் வழங்கப்படும் உதவித்தொகை மாதம் ரூ. 4,000-லிருந்து ரூ. 8,000-ஆக உயர்த்தப்பட்டது. பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் இதற்கு ஒப்புதல் அளித்தார். ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் தேதி திரட்டப்படும் கொடிநாள் நிதியே இத்தகைய உதவிகளுக்கு ஆதாரம்.

இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழகம் உள்ளிட்ட மாநில அரசுகள் தனியாக மாத உதவி வழங்கி வந்துள்ளன. எனினும், தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பெரும்பாலும் அந்தந்த மாநிலத்தில் வசிப்போருக்கே அது உரியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் படையில் சேர்ந்தவரின் மனைவி, மகனின் வேலைக்காகப் பொம்மனஹள்ளியில் குடியேறியிருந்தால், அவர் எந்த மாநிலத்தின் கதவைத் தட்டுவது? இரு மாநிலங்களுக்கு இடையே உள்ள தூரம் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். காகிதத்தில் அது கடக்க இயலாத தூரமாகிவிடுகிறது.

எந்த உதவிக்கும் கணவரின் ராணுவப் பணிக்கான சான்று தேவை. ஓட்டு வீட்டின் மழையிலும், வாடகை வீடு மாறியதிலும், கரையானிலும் 80 ஆண்டுக் காகிதம் தப்புவது கடினம். மேலும், போர் முடிந்த 1945-இல் 18 வயதில் இருந்தவர் இன்று நூறை நெருங்கிக்கொண்டிருப்பார். தொகை உயர்வின் பயனை நேரில் பெற இத்தலைமுறையில் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே.

எனவே, பணத்தால் இந்தக் கடனைத் தீர்க்கும் காலம் ஏறத்தாழ கடந்துவிட்டது. பெயரைப் பதிவு செய்யும் கடன் மட்டும் இன்னும் மிச்சமிருக்கிறது.

பஞ்சாப் காட்டிய வழி

முதல் உலகப் போருக்குப் பிறகு பஞ்சாபில் ஊர்வாரியாகத் தொகுக்கப்பட்ட படைவீரர் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தன. பிரிட்டனில் வாழும் பஞ்சாபியரின் பாரம்பரிய அமைப்பும் கிரீனிச் பல்கலைக்கழகமும் இணைந்து அவற்றை எண்ம வடிவமாக்கின. சுமார் 3.2 லட்சம் வீரர்களின் விவரங்கள் அவற்றில் இருந்தன. 2021 நவம்பரில் அவை பொதுப் பார்வைக்கு வரத் தொடங்கியதும், தமது கிராமத்தின் பெயரைத் தட்டிப் பாட்டனின் தந்தையைக் கண்டறிய வழி பிறந்தது.

சென்னை மாகாணத்து வீரர்களுக்கும் இதுபோன்ற பணி இயலாததன்று. மெட்ராஸ் சாப்பர்ஸின் ஆவண அலுவலகம் பெங்களூருவில் உள்ளது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் நீலகிரி வெலிங்டனில் உள்ளது. போர்க்காலத்தில் இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை செய்த அதிகாரிகள் எழுதிய சுருக்கங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. கடிதம் வந்த வீட்டில் அந்தக் காகிதம் இல்லாமல் போயிருக்கலாம். அக்கடிதத்தைப் பிரித்துப் படித்தவர் எடுத்த குறிப்பு பத்திரமாக இருக்கிறது.

வீடுகளிலும் சான்றுகள் எஞ்சியிருக்கக்கூடும். இந்திய வீரர்களுக்கு வழங்கப்பட்ட பதக்கங்கள் பெரும்பாலானவற்றின் விளிம்பிலோ பின்புறத்திலோ படை எண், பெயர், பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். பித்தளை என்று நினைத்துப் பழைய பாத்திரத்தோடு அதைப் போட்டுவிட்டால், எண்ணும் போய்விடும். அந்த எண்ணே ஆவணக் காப்பகத்தின் திறவுகோல். அது இருந்தால் தேடல் ஓர் ஆளைத் தேடுவதாகும். இல்லாவிட்டால் லட்சக்கணக்கானோரில் ஒரு முனுசாமியைத் தேடுவதாகும்.

செய்யக்கூடியவை

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. படைப்பிரிவு ஆவண அலுவலகங்களில் உள்ள 1939-45 கால வீரர் பட்டியல்களைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப் பாதுகாப்பு அமைச்சகம் முடிவெடுக்கலாம். தமிழக, கர்நாடக அரசுகளின் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள், இதுவரை உதவித்தொகை பெற்ற இரண்டாம் உலகப் போர் வீரர்களின் கோப்புகளை அழிக்காமல் தொகுக்கலாம். ஒவ்வொரு கோப்பும் ஒருவருடைய பணி வரலாறு. ஊரின் பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் தேடும் வசதியுடன் அப்பட்டியல் வெளியிடப்பட்டால், குடும்பங்களே பிழைகளைத் திருத்தித் தரும்.

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் இதில் பங்குண்டு. இந்தியா கேட்டுக்கும் தேசிய போர் நினைவுச் சின்னத்துக்கும் இடையில் விடுபட்ட 87 ஆயிரம் பேரைத் தலைநகரில் எவ்வாறு நினைவுகூரப் போகிறது அரசு என்று கேட்க, ஒரு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி போதும். அந்நியர் கொடியின் கீழ் போரிட்டவர்கள் என்ற தயக்கம் எழலாம். இந்தியா கேட்டில் பெயர் உள்ளோரும் அதே கொடியின் கீழ் போரிட்டவர்கள்தாம். அவர்களுக்கு எதிரே நின்ற நேதாஜியின் படையினரையும் அரசு போற்றுகிறது. இரு தரப்பையும் ஏற்ற நாடு, நடுவில் நின்ற ஒரு தலைமுறையை மட்டும் கணக்கில் எடுக்காமல் விட முடியாது.

அதுவரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் 80 வயதைக் கடந்த பெரியவர் இருந்தால், தன் தந்தை எந்த ஆண்டு படைக்குச் சென்றார், எந்த ஊர் முகாமில் சேர்ந்தார், எந்த வழியாகத் திரும்பினார் என்பது அவருக்கு நினைவிருக்கக்கூடும். பொம்மனஹள்ளியின் மூன்றாம் மாடி வாடகை வீட்டிலும் அதை எழுதிவைக்க ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும்.